எலுமிச்சம்பழத்தில் ஏறி நின்ற ஹோவர்கிராஃப்ட்

போன வாரம் தென்காசிக் கோயில் வாசலில் மச்சினன் புதுக் காருக்குப் பூசை போட்டான். சக்கரங்களுக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழங்கள் நசுங்கிப் புளிப்பு வாசனை எழுந்தபோது எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு மட்டும் சாகுல் மேல் எரிச்சல் வந்தது. யார் அவன் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன்.

பிளஸ் டூ படிக்கையில், இயற்பியல் கண்காட்சிக்கு நானும் அவனும் சேர்ந்து ஹோவர்கிராஃப்ட் செய்தோம். பெயர்தான் பெரிது. வட்டமாக அறுத்த பிளைவுட் பலகை, அதன் அடியில் இழுத்துக் கட்டிய தார்ப்பாய், தார்ப்பாயில் சில ஓட்டைகள். மேலிருந்து காற்றை ஊதினால், அது ஓட்டை வழியே தரைக்கு இறங்கிப் பலகையை ஆளோடு தூக்கிவிடும். யோசனை என்னுடையது. தார்ப்பாய், குற்றாலத்தில் என் மாமா சீசனுக்குப் போடும் சிப்ஸ் கடையின் கூரை. எவ்வளவு கழுவியும் நேந்திரங்காய் சிப்ஸ் மணம் போகவில்லை. வேலை செய்யச் செய்ய எனக்குப் பசிக்கும். நான் அந்த மாதம் ஒரு சுற்றுப் பெருத்தது அதனால்தான்.

காற்று ஊதத்தான் வழியில்லை. பரோட்டாக் கடை அடுப்புக்கு ஊதும் புளோயரை வாங்கிவந்து போட்டால் சாம்பல்தான் பறந்தது. அப்போது சாகுல், அவன் வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த வேக்குவம் கிளீனரைக் கடையநல்லூர் வீட்டிலிருந்து தூக்கி வந்தான். குழாயைப் பின்பக்கம் மாற்றிச் செருகினால் உறிஞ்சுவதை விட்டுவிட்டு ஊதும். அன்றிலிருந்து அது ‘சாகுல் வண்டி’ ஆகிவிட்டது. யார் ஓட்டுவது என்ற பேச்சும் முடிந்தது.

“என்னயத் தவிர யாரும் தொடக் கூடாதுன்னு உம்மா சொல்லிட்டாவ. நான் என்னலே செய்ய?” என்றான்.

முகத்தில் வருத்தம் தெரிந்தது. நான் நம்பவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அந்த வண்டியில் ஒரே ஒரு தடவை மிதக்க வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு ஆசையே கிடையாது.

கண்காட்சி அன்று பிசிக்ஸ் சார் பலகைக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். “வண்டின்னா வண்டிதான்” என்று நாலு பக்கமும் அடியில் எலுமிச்சம்பழமும் செருகினார். சாகுல் ஏறி உட்கார்ந்தான். சுவிட்சைப் போட்டேன். இரைச்சல் கேட்டதே தவிர வண்டி அசையவில்லை. பழத்தின் மேல் ஏறி நின்றதால் காற்றெல்லாம் சந்து வழியே வெளியே போய்விட்டது. வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். என் வண்டி நிற்கிறதே என்ற கவலையைவிட அவன் திருதிருவென்று முழித்தது எனக்கு இனித்தது.

“ஏலே, பழத்த எடுங்கலே” என்றார் சார்.

எடுத்ததுதான் தாமதம், வண்டி எழுந்தது. லேசாகத் தள்ளியதும் ஹாலின் மறுகோடி வரைக்கும் சத்தமும் சிரிப்புமாகப் போனான் சாகுல். நான் எக்ஸ்டென்ஷன் வயரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். கைதட்டல் முழுக்க அவனுக்கு.

“உம்மாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன், நீயும் ஒருதடவ ஏறுலே” என்றான் பிறகு.

“எனக்கு ஒண்ணும் வேண்டாம்” என்று விறைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் மனசு இளகிப் போய் நின்றால், மோட்டார் புகைந்துபோயிருந்தது.

காருக்குப் பூசை முடிந்த கையோடு சாகுலுக்குப் போன் போட்டேன். இப்போது அவனும் துபாயில்தான் இருக்கிறான். மிதக்கும்போது எப்படி இருந்தது என்று, இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன்.

“அன்னைக்கி ஓட்டுனது நீதானலே? நான்லா பின்னால ஓடியாந்தேன்” என்றான்.

அந்த ஹாலை இடித்துவிட்டார்கள். தார்ப்பாயும் பலகையும் எப்போதோ போயின. அந்தச் சவாரி எப்படி இருந்தது என்று சொல்ல இனி ஒருவரும் இல்லை.