மேனகாவின் ஒரு மணி நேரம்

எனக்கு வயது ஐம்பத்தாறு. கார் ஓட்டத் தெரியும். ஆனால் நாற்பதைத் தாண்ட மாட்டேன். "சைக்கிள்காரன்கூட உன்னை முந்திக்கிட்டுப் போறான்" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். போகட்டுமே... அவனுக்கு என்ன அவசரமோ!

அப்படிப்பட்ட நான், மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை காலை, அரியலூர் - ஜெயங்கொண்டம் ரோட்டில் எண்பதில் பறந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு இளம்பெண். கையில் போன். கண்ணில் தண்ணீர்.

கடத்தல் இல்லை. காதல் விவகாரமும் இல்லை. விளையாட்டு விவகாரம்!

அந்தப் பெண் மேனகா. பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு நினைவிருக்கலாம். மும்முறைத் தாண்டுதல் வீராங்கனை. ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்காட்டு ஊர்க்காரி. மாநிலப் போட்டியில் ஜெயித்தபோது அவளைத் தேடிப்போய்ப் பேசிவிட்டு வந்து எழுதியிருந்தேன். அன்றிலிருந்து என்னை 'அக்கா' என்கிறாள். இந்த வயதில் ஒருத்தி அக்கா என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

இப்போது அவள் பெங்களூரில் தேசியப் பயிற்சி முகாமில் இருக்கிறாள். அப்போது பத்து நாள் லீவில் ஊருக்கு வந்திருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை பெரம்பலூரில் ஒரு கூட்டம். உலகத் தரத்தில் வீரர்களை உருவாக்க நாடு முழுக்க ஒரு திட்டம் தீட்டுகிறார்களாம். டெல்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் அதிகாரிகள் வந்து, பெரம்பலூர், அரியலூர் மாவட்ட வீரர்களிடம் கருத்துக் கேட்கப்போகிறார்கள். மேனகாவுக்கு அழைப்பு வந்திருந்தது. பத்திரிகைக்காரி என்ற முறையில் எனக்கும் வந்திருந்தது.

"காலையில் ஆண்டிமடத்திலிருந்து பஸ் மாறி மாறி ஏன் வர்ற? முதல் நாளே அரியலூர்ல எங்க வீட்டுக்கு வந்துடு. சேர்ந்து போகலாம்" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அதுதான் வினையாகிவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் வந்தாள். மறுநாள் விடிகிற நேரத்தில் மொட்டை மாடியில் உடம்பை வளைத்து நெளித்துவிட்டு இறங்கி வந்தாள். கேழ்வரகுக் கஞ்சி கொடுத்தேன். பாதி குடித்திருப்பாள்... போனில் அலாரம் அடித்தது. சரியாக ஆறு மணி.

எடுத்துப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா... நான் வூட்ல இல்லையே!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என் வீடும் உன் வீடுதானே" என்று சொல்லப்போனேன். நல்லவேளை, சொல்லவில்லை.

அவள் படபடவென்று விளக்கினாள். அவளைப் போன்ற தேசிய அளவு வீரர்கள், ஒவ்வொரு நாளும் எந்த ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே போன் ஆப்பில் பதிய வேண்டுமாம். அந்த நேரத்தில் ஊக்கமருந்து சோதனைக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வரலாம். வராமலும் போகலாம். ஆனால் வந்து, ஆள் இல்லையென்றால் அது ஒரு 'மிஸ்'. ஒரு வருஷத்துக்குள் மூன்று மிஸ் ஆனால் தடை! இரண்டு வருஷம் வரை போடலாம். ஊக்கமருந்தைக் கண்ணாலேயே பார்க்காதவர்களுக்கும் அதே கதிதான். லீவு முழுக்கக் காலை ஆறிலிருந்து ஏழு வரை ஊர் வீடு என்று பதிந்திருந்தவள், என் வீட்டுக்கு வந்தபோது அதை மாற்ற மறந்துவிட்டாள்.

"உனக்கு எத்தனை மிஸ்?"

"ரெண்டு ஆயிருச்சுக்கா."

முதல் மிஸ், முகாமைத் திடீரென்று வேறு ஊருக்கு மாற்றியபோது. பழைய விலாசத்தை மாற்ற மறந்துவிட்டாள். இரண்டாவது, ஆப்பின் பாஸ்வேர்டு காலாவதியாகி உள்ளேயே போக முடியாத வாரம். யாரைக் கேட்பதென்று தெரியவில்லையாம்.

"இப்ப என் வீட்டு விலாசத்தைப் போட்டுட்டா?"

"ஆறுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி மாத்தியிருந்தாக்கூட போதும்க்கா. இப்ப நேரம் ஆரம்பிச்சிருச்சு. ஏழுக்குள்ள நான் வூட்ல இருந்தாகணும்."

ஏழுக்குள்! அரியலூரிலிருந்து அவள் ஊர் நாற்பத்தைந்து கிலோமீட்டர். வீட்டில் அம்மா பூங்கோதை மட்டும்தான். கூப்பிட்டோம். எடுக்கவில்லை. முந்திரிப் பருவம். விடிவதற்குள் கொட்டை பொறுக்கக் காட்டுக்குப் போனால், அந்த அம்மா போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விடுமாம். யாராவது வந்திருக்கிறார்களா, இல்லையா? தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

"யாரும் வந்திருக்க மாட்டாங்க மேனகா. தினமுமா வர்றாங்க?" என்றேன்.

"வந்திருந்தா?"

கார் சாவியை எடுத்தேன். வீட்டுக்காரரை எழுப்பி ஓட்டச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? அவர் எழுந்து, கண்ணாடியைத் தேடி, சட்டையைத் தேடுவதற்குள் ஏழரை ஆகிவிடும். அவருக்கே இது தெரியும்.

ஆறு நாலுக்குக் கிளம்பினோம்.

வி.கைகாட்டி என்ற ஊர் வரைக்கும் சிமென்ட் லாரிகள். ஒன்றை முந்தினால் முன்னால் இன்னொன்று நிற்கிறது. வாழ்க்கையில் லாரியை முந்தியதே இல்லை நான்! மேனகா சீட்டின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, எதிரே பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். "இப்ப போங்கக்கா... வேணாம், வேணாம், பஸ் வருது... இப்ப போங்க!" தாண்டப்போகிறவளுக்கு எந்த இடத்தில் கால் ஊன்ற வேண்டும் என்று துல்லியமாகத் தெரிய வேண்டுமாம். அந்தக் கண்தான் அன்றைக்கு எனக்கு வழிகாட்டியது.

உடையார்பாளையம் தாண்டும்போது ஆறு முப்பத்தேழு.

"அக்கா, நான் தப்பு பண்ணல. ஆனா தடை போட்டா ஊர்ல என்ன சொல்லுவாங்க? ஊசி போட்டுக்கிட்டுத் தாண்டியிருக்கான்னுதான சொல்லுவாங்க?" என்றாள். "அம்மா எந்த முகத்த வச்சிக்கிட்டு காட்டுக்குப் போவும்?"

நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன். வேறென்ன செய்ய?

ஜெயங்கொண்டம் கடைத்தெருவில் இரண்டு நிமிடம் போனது. ரோட்டின் குறுக்கே ஒரு பால் வேன், அசைவேனா என்றது. மேனகா இறங்கி ஓடிப்போய் டிரைவரிடம் கையெடுத்துக் கும்பிட்டாள். ஆண்டிமடம் ரோடு... பிறகு மண்ரோடு... இரண்டு பக்கமும் முந்திரி. கார் குதித்த குதியில் என் முதுகெலும்பு மூன்று முறை தாண்டியது.

திரும்பியவுடன் அவள் வீடு. வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றுகொண்டிருந்தது.

வந்திருந்தார்கள்!

கார் நிற்பதற்குள் மேனகா கதவைத் திறந்துவிட்டாள். வேலியோரம் பிளாஸ்டிக் சேரில் ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தார். மடியில் ஃபைல். மேனகா மூச்சிரைக்கப் போய் நின்றாள். அந்த அம்மாள் எழுந்து, அடையாள அட்டையைக் காட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மேனகா நீங்கதானே? ஆறு அம்பத்தாறு. இங்க சைன் பண்ணுங்க."

நான்கு நிமிடம். நான்கே நிமிடம்! நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேனா, சிரித்தேனா... இப்போதும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. சோதனைக்குச் சிறுநீர் வேண்டும். இவளோ என் வீட்டில் எழுந்ததுமே போய்விட்டு வந்தவள். வரமாட்டேன் என்கிறது. கொடுக்கும்வரை அதிகாரி பக்கத்தை விட்டு நகரக் கூடாது. பாத்ரூமுக்குள்ளும் கூடவே போக வேண்டும். அதுதான் விதி. பக்கத்து வீட்டு அம்மாள் அன்போடு ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தார்.

"வேணாம் பெரியம்மா. சீல் வச்ச பாட்டில் தண்ணிதான் குடிக்கணும்."

"ஏன், என் மோர்ல என்னா கெடக்கு?" என்று அவர் கோபித்துக்கொண்டு, தானே குடித்துவிட்டுப் போனார்.

இதற்குள் பூங்கோதை காட்டிலிருந்து வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் தலையிலிருந்த கூடையை இறக்கவே மறந்து நின்றார். ஒன்றே கால் மணி நேரம், மூன்று பாட்டில் தண்ணீர்... ஒருவழியாக வேலை முடிந்தது. பாட்டில்களை மூடி சீல் வைத்து, தாளெல்லாம் மடித்து வைத்த பிறகு, அந்த அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தார். என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார்.

"நான் ஆறு மணியிலேருந்து இங்க உக்காந்து கும்பிட்டுக்கிட்டே இருந்தேங்க, இந்தப் பொண்ணு வந்துரணும்னு. சொல்லாம வந்து பாக்குறதுதான் சோதனையே. கூப்பிட்டு 'வா'ன்னு சொல்றதுக்கு மனசு துடிக்குது, சொல்ல முடியாது. ஊக்கமருந்து சாப்பிடுறவங்களப் புடிக்கத்தான் நாங்க வர்றோம். மறதிக்காரங்களப் புடிக்க இல்ல."

கார் வரைக்கும் போய் அவரை வழியனுப்பினேன்.

மறுபடி காரைத் திருப்பி, என் பழைய நாற்பதில், வந்த வழியே அரியலூர், அங்கிருந்து பெரம்பலூர். பதினொரு மணிக்கு ஆரம்பித்த கூட்டத்தில், பதினொன்றே காலுக்குக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தோம்.

திரையில் வண்ண வண்ணமாகப் படங்கள். கீழே அஸ்திவாரம், மேலே சிகரம், சிகரத்தில் ஒரு தங்கப் பதக்கம். கருத்துக் கேட்டார்கள். ஒருவர் செயற்கை ஓடுதளம் கேட்டார். ஒருவர் உள்விளையாட்டு அரங்கம், இன்னொருவர் நீச்சல்குளம். எல்லாம் நியாயமான கோரிக்கைகள்தான். நானும் கை தட்டினேன்.

மேனகா கையைத் தூக்கினாள். மைக் வந்தது.

"எனக்கு ஓடுதளம் இருக்குங்க சார், முகாம்ல. நல்ல கோச் இருக்காங்க. சாப்பாடும் குறை இல்ல. ஆனா இன்னிக்குக் காலையில என் ஆட்டமே முடிஞ்சிருக்கும்" என்று ஆரம்பித்து, நடந்ததை அப்படியே சொன்னாள்.

"எனக்கு ஒரு ஆள் வேணும் சார்."

மேடையில் நடுவில் இருந்தவர், முன்னாள் ஹாக்கி வீரராம், நரைத்த தலை. முன்னால் குனிந்தார். "அந்த ஆளுக்கு என்னம்மா வேலை?"

"நாளைக்கு எங்க இருப்பன்னு கேக்கணும். பாஸ்வேர்டு போயிருச்சுன்னா எடுத்துத் தரணும். சளி புடிச்சா எந்த மாத்திர திங்கலாம், எது திங்கக் கூடாதுன்னு சொல்லணும். லீவுல ஊருக்கு வந்தா கால் வலிய யாருகிட்ட காட்டுறதுன்னு சொல்லணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஜெயிச்ச அன்னிக்கு நூறு பேரு போன் பண்றாங்க சார். தோத்த மறுநாளு ஒருத்தராவது பண்ணணும்."

யாரும் கை தட்டவில்லை. தட்டத் தோன்றவில்லை. அந்தப் பெரியவர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"போற ஊர்ல எல்லாம் கட்டடம் கேட்டாங்க. நீதான்மா ஆள் கேட்டிருக்க."

நான் அன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். பதக்கம் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கொடி, கண்ணீர், தேசியகீதம். அதற்குப் பின்னால் ஒரு ஃபார்ம் இருக்கிறது, ஒரு பாஸ்வேர்டு இருக்கிறது, ஒரு இருமல் மருந்து இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? திறமையை உழைத்துக் கொண்டுவந்துவிடுகிறாள் இருபத்திரண்டு வயதுப் பெண். ஒரு விலாசத்தை மாற்றச் சொல்ல ஆளில்லாமல் அந்தத் திறமை வீணாகப் போவதென்றால்... அதைவிடக் கொடுமை உண்டா?

போன செவ்வாய்க்கிழமை, திட்டத்தின் திருத்திய வரைவைக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தார்கள். நீண்ட அறிக்கை. தேடினேன். இருந்தது! தேசிய அளவு வீரர் ஒவ்வொருவருக்கும், களத்துக்கு வெளியே உள்ள அத்தனை வேலைக்கும் துணையாக, பெயரும் போன் நம்பரும் உள்ள ஒரு நபர் இருக்க வேண்டும் என்று ஒரு பத்தி. ஹாலில் உட்கார்ந்து கத்தியேவிட்டேன். சமையலறையிலிருந்து வீட்டுக்காரர் கரண்டியோடு ஓடிவந்தார்.

மேனகாவுக்குப் போன் போட்டேன். முகாமில் பயிற்சி முடித்து உட்கார்ந்திருந்தாள்.

"நெசமாவா அக்கா? நான் சொன்னதயா எழுதியிருக்காங்க?"

"நீ சொன்னதைத்தான்."

"அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேங்க்கா" என்றாள்.

வரைவு சட்டென்று நடைமுறைக்கு வந்துவிடுமா? எனக்குத் தெரியாது. வந்தால் மேனகாவுக்கு மட்டுமா நல்லது? சைக்கிளில் மைதானத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் எத்தனையோ மேனகாக்களுக்கும்தான். அதுவரைக்கும் அந்த வேலையைச் சம்பளமில்லாமல் நானே எடுத்துக்கொண்டுவிட்டேன். தினமும் சாயங்காலம் டீ குடித்ததும் ஒரு மெசேஜ். 'நாளைக்கு எங்க இருப்ப?' உடனே பதில் வந்துவிடும்.

நேற்று இதைப் பார்த்துவிட்டு என் மகன் கேட்டான். "அம்மா, முப்பது வருஷத்துல என்கிட்ட ஒரு நாளாவது இப்படிக் கேட்டிருக்கியா?"

"நீ எத்தனை மீட்டர்டா தாண்டுவ?" என்றேன்.