கல்லுப்படிச் சந்தில் மாடு

பிலோமிக்கு வாய் அதிகம் என்று குன்னூர் பஜாரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வசந்த்குமாரின் பேக்கரியில் பதினெட்டு வருஷமாக மொறுமொறு வர்க்கியைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறாள். கால் கிலோ வர்க்கிக்கு வந்தவர்கள் அரைக் கிலோவும் கூடவே பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போவது அந்த வாய்க்காகத்தான். அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்குப் போனால் மட்டும் இரண்டு மாதமாக வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி இருந்தாள். எல்லாம் மருமகள் வந்த பிறகுதான்.

மகன் டெனின் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறான். காங்கேயம் பக்கம் சவாரி போய்ப் போய், கடைசியில் சரிதாவைக் கல்யாணம் கட்டிக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். சாமியும் வேறு, சாதியும் வேறு. பிலோமி ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் அழுகையை நிறுத்தினாள், கூடவே பேச்சையும் நிறுத்தினாள். முழுசாக இல்லை. சோறு ஆச்சா, துணியெடு, கதவச் சாத்து. எண்ணி இரண்டு வார்த்தை, மிஞ்சினால் மூன்று. வந்த முதல் வாரத்தில் அந்தப் பெண், "இங்க ஒரு மாடு வெச்சுக்க முடியாதுங்களா அத்தை? எங்கூட்டுல எட்டு உருப்படி இருக்குதுங்க" என்று ஆசையாகக் கேட்டாள். பிலோமி கேட்காதது போல எழுந்து போய்விட்டாள். அவளுக்கு மனசு கல் என்று நினைத்துவிட வேண்டாம். கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் தூக்கிக்கொண்டு அலைந்தாள், அவ்வளவுதான்.

இந்த வருஷக் கோடையோ குன்னூருக்குப் பொருந்தாத கோடை. ஜனவரிக்குப் பிறகு ஒரு பொட்டு மழையில்லை. ஸ்வெட்டர் விற்கிற கடையில் டேபிள் ஃபேன் விற்றார்கள். குழாயில் பன்னிரண்டு நாளைக்கு ஒரு தரம் தண்ணீர். பஸ் ஸ்டாண்டிலிருந்து மார்க்கெட் வரை சீசன் கூட்டம். வெயிலுக்குப் பயந்து மலையேறி வந்தவர்கள் இங்கேயும் அதே வெயிலைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர்கள் மேல் எரிந்து விழுந்தார்கள். என்னமோ நாங்கள்தான் குளிரை எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டது போல.

மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். பேக்கரிக்குள் அடுப்புச் சூடு, வெளியே வெயில். பிலோமியின் முன்னால் பத்துப் பேர் நின்றார்கள். போன் அடித்தது. மேல்வீட்டுப் பேச்சி.

"ஏ பிலோமி, மாடு எறங்கிருச்சு. உங்கூட்டு வாசல்ல தண்ணித் தொட்டிகிட்ட நிக்குது. நான் மேல் ரோட்டுல இருந்து பாத்தேன். மருமக உள்ளதான இருக்குது?"

பிலோமி போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டே சரிதாவை அழைத்தாள். கை வர்க்கி கட்டிக்கொண்டிருந்தது.

"வாசல்ல மாடு நிக்குதாம். பாத்துக்க."

அந்தப் பக்கம் என்ன சொன்னாள் என்பதைக்கூடக் கேட்கவில்லை. வைத்துவிட்டாள்.

கால் மணி நேரம் கழித்துப் பேச்சியே வந்து சேர்ந்தாள். சந்து வழியாக இறங்க முடியாமல் ரோட்டைச் சுற்றி வந்ததில் முகமெல்லாம் வேர்வை. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

"பாரஸ்ட்டுக்குச் சொல்லியாச்சு. இந்த டிராஃபிக்குல அவங்க எப்ப வந்து சேர்றது? ஆமா, மருமககிட்டச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"மாடு நிக்குது, பாத்துக்கன்னு."

பேச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காங்கேயத்துப் புள்ளைகிட்டப் போயி மாடுன்னா சொன்ன? அது இந்நேரம் தண்ணி காட்டிட்டு இருக்கும் போ."

சொன்ன மறுநொடியே சிரிப்பு நின்றது. பிலோமியின் கையில் சணல் நூல் அப்படியே நின்றது.

அவர்கள் குடியிருக்கிற கல்லுப்படிச் சந்தில் காட்டெருமை என்று யாரும் முழுசாகச் சொல்வதில்லை. மாடுதான். கறக்கிற மாட்டைச் சொல்லத்தான் பால்மாடு என்று சேர்த்துச் சொல்வார்கள். பிறந்ததிலிருந்து அப்படியே பேசிப் பழகிய பிலோமிக்கு வேறு மாதிரி சொல்லத் தோன்றவே இல்லை. சரிதாவுக்கு இதையெல்லாம் யார் சொன்னார்கள்? கரடி வரும், சாயங்காலம் கதவைச் சாத்து என்று டெனின் சொல்லியிருந்தான். சீசன் தொடங்கியதிலிருந்து அவன் விடியும் முன் போனால் எல்லாரும் தூங்கிய பிறகுதான் வருகிறான். மிச்சத்தைச் சொல்ல வேண்டியவள் வீட்டிலேயே இருந்தாள், வாயைத் திறக்கவில்லை.

பிலோமி மறுபடி போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு தரம். எடுக்கவில்லை. போன் வீட்டுக்குள்ளே கிடக்கிறது, பெண் வெளியே இருக்கிறாள்.

வசந்த்குமார், "ஏனுங்கக்கா, என்னாச்சுங்க?" என்று கேட்பதற்குள் தெருவுக்கு வந்துவிட்டாள். கால் செருப்பில் ஒன்று கடையிலேயே கிடந்தது. ரயில்வே கேட்டை அப்போதுதான் போட்டார்கள். மேட்டுப்பாளையத்து வண்டி வருகிறதாம். இரண்டு பக்கமும் கார்கள், ஹாரன், போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிற டூரிஸ்ட் கூட்டம். "வழி விடுங்க, ஐயா, வழி விடுங்க" என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளாத குறையாகக் கெஞ்சினாள். வரிசையில் முந்தப் பார்க்கிறாள் என்று நினைத்து ஒருவர் முறைத்தார். அந்தக் குட்டி ரயில் அன்றைக்கு ஊர்ந்த ஊர்தலுக்கு அளவே இல்லை. ஜன்னலெல்லாம் கை ஆட்டினார்கள். பிலோமி மாதாவே, மாதாவே என்று முணுமுணுத்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணுக்குப் பேச்சியின் புருஷன் ஆண்டிதான் தெரிந்தான். போன கோடையில் அதே தொட்டிக்குப் பக்கத்தில் ஒரே முட்டு. நாலு விலா எலும்பு உடைந்து ஆறு மாதம் படுத்துக் கிடந்தான். அவன் கட்டுமஸ்தான ஆள். இவள் சின்னப் பெண், காற்றடித்தால் சாய்கிற உடம்பு. டெனினுக்குப் போன் போடலாமா என்று எடுத்தாள், போடவில்லை. என்னவென்று சொல்வது? உன் பெண்டாட்டியை நான்தான் மாட்டுகிட்ட அனுப்பினேன் என்றா?

கேட் திறந்தது. ஓடினாள். ஐம்பது வயதுக்கு அது ஓட்டமில்லைதான், ஆனாலும் ஓடினாள். சந்து வாயிலிருந்து தொண்ணூற்றிரண்டு படி. வெயிலில் காய்ந்த கல் வெறும் காலைச் சுட்டது. இந்நேரத்தில் சந்தில் ஆள் கிடையாது, எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள். ஒரு சத்தமும் இல்லை. பாதிக்கு மேல் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். வளைவில் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வாசல் அரைச்சுவருக்கு வெளியே மாடு நின்றது. சுவரை மறைக்கிற கரிய உடம்பு. சுவருக்கு உள்ளே சரிதா. மாட்டின் தலை மட்டும் சுவரைத் தாண்டி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. சுவர் மேல் அலுமினியச் சட்டி. அரிசி கழுவிய தண்ணீரை அது உறிஞ்சுகிற சத்தம் பிலோமி வரை கேட்டது. ஒரு கொம்புக்கும் சரிதாவின் வயிற்றுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம்.

"குடி சாமி, குடி. பாவம், எத்தன நாளாச்சோ" என்று சரிதா அதனோடு பேசிக்கொண்டிருந்தாள்.

கத்தக் கூடாது. அந்தச் சந்தில் பச்சைக் குழந்தைக்கும் அது தெரியும். கத்தினால் மாடு மிரளும், மிரண்டால் முன்னால் இருப்பதைத்தான் முட்டும். பிலோமி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். சட்டி காலியாகிற வரை அவள் மூச்சு விட்டாளா என்று அவளுக்கே தெரியாது. சரிதா வெறும் சட்டியை எடுத்தாள். மாடு தலையைத் தூக்கியது. சரிதா அதன் நெற்றியைத் தடவக் கையை நீட்டினாள். பிலோமி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

குளம்புச் சத்தம் கேட்டுத்தான் திறந்தாள். மாடு நிதானமாகப் படியேறித் தேயிலைக்காட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"அத்தை? இந்நேரத்துல ஏனுங்க வந்துட்டீங்க?" சரிதா சட்டியோடு படிக்கு வந்தாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "நீங்க சொன்ன மாதிரியே பாத்துக்கிட்டேனுங்க. நல்ல தாகமுங்க அதுக்கு. எங்கூரு எருமையாட்டமே இருக்குது, ஆனா எத்தன பெருசு! யாரு ஊட்டு மாடுங்க?"

பிலோமி படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஊட்டு மாடு இல்ல அது. காட்டெருமை. ஆண்டிய முட்டிப் போட்டது அதுதான். இதே எடத்துல."

சரிதா திரும்பி மேலே பார்த்தாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே அந்த முதுகு இன்னும் தெரிந்தது. கையிலிருந்த சட்டி நழுவி, படிபடியாக உருண்டு சத்தத்தோடு கீழே போனது. அவள் வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியுமுங்களா அத்தை? தெரிஞ்சுதான் என்னையப் பாத்துக்கச் சொன்னீங்களா?"

பிலோமிக்கு மாட்டைப் பார்த்தபோது வந்த பயம் இந்தக் கேள்விக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஏனென்றால் அந்தப் பெண் சண்டைக்குக் கேட்கவில்லை. ஆமாம் என்று பதில் வந்தாலும் வரும் என்று பயந்து, ஒரு படி தள்ளி நின்று கேட்டாள்.

"மாதா சத்தியமா இல்ல கண்ணு. மாடுன்னா உனக்குப் புரியும்னு நெனச்சேன். ரெண்டு வார்த்த கூடச் சொல்லியிருக்கணும், சொல்லல. எம்மேலதான் தப்பு. வா சாமி, இப்படி வந்து உக்காரு."

"சரிங்க அத்தை" என்றாள் சரிதா. ஆனால் நின்ற இடத்தைவிட்டு வரவில்லை.