வெள்ளிக்கிழமை அழிந்துபோன பெயர்

போன வாரம் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. டிவியில் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்த என் மகள், ஸ்கோரெல்லாம் போச்சே என்று அழுதாள். ஆறுதல் சொல்ல வேண்டிய அவள் அப்பா, அதாவது என் வீட்டுக்காரர், என்ன செய்தார்? என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அது எண்பதுகளின் கடைசி. எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், இவருக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. சம்மதமா என்று எல்லோரையும் கேட்டார்கள்... என்னை மட்டும் கேட்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்று இவர் வாயைத் திறந்து சொன்னது ஒரே வார்த்தை - "தண்ணி". இந்த மனுஷனோடு எப்படிக் காலம் தள்ளுவது? பயமாகவே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை இவருடைய அக்கா வந்தார். ஆண்டாள் கோயிலுக்கு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு வீடியோ கேம் கடைக்கு என்னைக் கூட்டிப்போனார். வழியிலேயே விஷயத்தைச் சொன்னார்.

"அதுல ஸ்கோர் எம்புட்டு அதிகமோ, அம்புட்டு மேல பேர் வருமாம். மூணெழுத்துதான் போட முடியுமாம். ஒம்பேரை மொத எடத்துல போட்டுட்டு, ஒனக்குக் காட்டணும்னு தம்பி ஒத்தக்கால்ல நிக்கான்."

உமா. இங்கிலீஷில் மூன்றே எழுத்து.

கடைக்குள் பத்தி வாசம். இவர் மெஷின் பக்கத்தில் எங்களுக்காகக் காத்திருந்தார். வெள்ளிக்கிழமை என்பதால் கடைக்காரர் மெஷினை ஆஃப் செய்து துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மறுபடி போட்டிருந்தார். ஆஃப் செய்தால் ஆடியவர்கள் பெயரெல்லாம் அழிந்து, மெஷினோடு வந்த பெயர்களே திரும்ப வந்துவிடுமாம். திரையில் யார் யாரோ இருந்தார்கள்... நான் இல்லை.

"இருந்துச்சு. நேத்து வர இருந்துச்சு," என்றார் இவர்.

"நான்தாம்லே வெள்ளிக்கெழம கூட்டியாரேன்னு சொன்னேன்," என்று அக்கா கையைப் பிசைந்தார்.

இவர் மறுபடி ஆடினார். ஒரு குட்டிச் சிப்பாய் சுட்டுக்கொண்டே மேடைக்கு மேடை தாவி ஓடுகிறான். அவன் ஓட ஓடத் திரையும் நகர்கிறது. பின்னால் ஒரு நீல மலை, மெதுவாக... ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மலை கூடவே வருமே, அப்படி. அந்த நீலம் இவர் முகத்திலும் விழுந்தது. நான் சிப்பாயைப் பார்க்கவே இல்லை. கோயில், வீடு, பயம் எல்லாம் மறந்து எங்கோ மிதந்துகொண்டிருந்தேன்.

முதல் பள்ளத்திலேயே சிப்பாய் விழுந்தான்.

"இன்னொரு தடவ ஆடுங்க," என்றேன். "செத்த நேரம் நிக்கேன்."

இவரிடம் நான் முதன்முதலில் பேசியது அதுதான். யாரும் என்னிடம் கேட்காத கேள்விக்கு என் பதிலும் அதுதான்.

அன்று இவர் ஜெயிக்கவில்லை. அந்தப் பெயரை இன்றுவரை நான் பார்த்ததும் இல்லை.

"நெசமாவே நெறைய எடுத்திருந்தேம்மா," என்று கரண்ட் போன இருட்டில் விசும்பினாள் மகள்.

"நம்புதேன்," என்றேன்.

எங்கள் வீட்டில் அழிந்துபோன ஸ்கோருக்குத்தான் மதிப்பு அதிகம்.