டிரம்மர் காளியைக் கேட்டவர்கள்

என் வீட்டுக்காரர் காளியப்பனைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். எங்கள் ஊர் லாபிஸில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். அவரை நாலு வார்த்தை பேச வைப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும். கடைக்கு அனுப்பினால் சொன்னதை விட்டுவிட்டுச் சொல்லாததை வாங்கி வருவார். இந்த மனுஷன் ஒரு காலத்தில் தோள் வரை முடி வளர்த்து ராக் பேண்டில் டிரம் அடித்தவர் என்றால் யார் நம்புவார்கள்?

கமலநாதன் பாடுவார், தோமஸ் கிட்டார், கால்வின் பேஸ் கிட்டார். இவரோடு சேர்த்து நாலு பேரும் ஒரே தோட்டத்துப் பையன்கள். மெர்சிங்கில் ஒரு கச்சேரிக்குப் போகும்போது மழையில் வேன் கவிழ்ந்து மூவரும் போய்விட்டார்கள். இவருக்கு அன்றைக்குக் காய்ச்சல், போகவில்லை. அதற்கப்புறம் டிரம் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. நான் கல்யாணமாகி வந்ததெல்லாம் பல வருடம் கழித்து.

இந்த வருடம் முனீஸ்வரன் கோயில் திருவிழாவில் உறுமி அடிக்கிறவருக்குக் கை முறிந்துவிட்டது. பூசாரி கனகராஜ் வீட்டுக்கே வந்தார். "சாமி காரியம் காளி, மாட்டேன்னு சொல்லாத லா" என்றார். இவரும் தலையாட்டிவிட்டார்.

பட்டப்பகல். கூட்டம் நிறைந்திருந்தது. முதலில் எல்லாரும் அடிப்பது போலத்தான் அடித்தார். போகப்போக அடி மாறியது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் தாளம் பிடிபடாமல் நின்றுவிட்டார்கள். அப்போதுதான் என் மகள் பிரேமலா தலையைச் சிலுப்பினாள்.

பிரேமலா வேலைக்குப் போகிற வயசிலும் கடையில் தேத்தண்ணி கேட்கக்கூட என் காதில் சொல்லி என்னைக் கேட்க வைக்கிற பிள்ளை. அவள் வாயிலிருந்து கரகரவென்று ஆம்பளைக் குரலில் ஒரு பழைய மலாய் ராக் பாட்டு வந்தது. நடுவில் இன்னொரு குரல் சேர்ந்தது. பிறகு மூன்றாவது. ஒரே வாய்தான்.

இவர் கை நின்றது. "நாதா..." என்றார். கமலநாதனை அப்படித்தான் கூப்பிடுவாராம்.

எங்கள் கோயிலில் யார் மேல் எது வந்தாலும் ஒரு முறை உண்டு. என்ன வேண்டும் என்று முதலில் கேட்க மாட்டோம். கேட்டதைத் தருகிறோம் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் கேட்போம். சுருட்டு கேட்கும், சேவல் கேட்கும், மிஞ்சினால் ஒரு போத்தல் கள் கேட்கும், அவ்வளவுதான். பூசாரி கற்பூரத்தை எடுப்பதற்குள் இவர் பிடுங்கித் தன் உள்ளங்கையில் ஏற்றினார்.

"கேட்டதைத் தர்றேன். என் புள்ளைய விட்ருங்க" என்று கையை ஓங்கி அடித்து அணைத்தார்.

பிரேமலா சிரித்தாள். "எங்களுக்கு எங்க டிரம்மர் வேணும். இனிமே உனக்குள்ளதான் இருப்போம், காளி."

"வேணாங்க" என்று அவர் சட்டையைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "வாங்கடா" என்றார்.

மகள் பொத்தென்று விழுந்தாள். கண்ணைத் திறந்து, "அம்மா, தண்ணி" என்றாள். அவளை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு அழுதேன். நிமிர்ந்தால் எதிரில் என் வீட்டுக்காரர் இளவட்டம் மாதிரி காலை அகட்டி நின்றுகொண்டு தலையைக் கோதிக்கொண்டிருந்தார்.

"ஆண்ட்டி, இந்தப் பொண்ணுக்கு என்னாச்சு?" என்று கேட்டார்.

மறுநாளே பூசாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "திரும்ப உறுமி அடிச்சு வெளிய கூப்பிடலாம் யோகேஸ்வரி. ஆனா அதுங்களுக்குப் பழகின வழி உங்க பாப்பாதான், மறுபடி அவ மேலதான் ஏறும்" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யோசிக்கக்கூட இல்லை. கட்டினவரை நானே விட்டுக்கொடுத்தேன், வேறென்ன செய்ய?

இப்போது அவர் வேலைக்குப் போவதில்லை. பகலெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து மூன்று குரலில் பேசிச் சிரிக்கிறார். எப்போதாவது அவர் குரலே வரும். "யோகா, பாப்பா நல்லா இருக்காளா?" என்பார். ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "நல்லா இருக்கா, நீங்க எப்படி இருக்கீங்க?" என்பேன்.

"ஆண்ட்டி, கைய விடுங்க" என்கிறது வேறொரு குரல்.

விட்டுவிடுகிறேன். உள்ளே பிரேமலா வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருக்கிறாள்.