புடவை தொங்கும் சுவர்கள்

"பல்லுக்கு ஏதும்மா தோலு?" என்று படத்தை நிறுத்திவிட்டுப் பைபிளைப் புரட்டுகிறார் சப்டைட்டில் அக்கா. திரையில் உள்ள திருடன், பல்லின் தோலோடு தப்பித்தேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டான். யோபு அகப்படுகிறார். பிள்ளைகளை வாரிக்கொடுத்துவிட்டு, எலும்பும் தோலுமாய் உட்கார்ந்திருப்பவரின் புலம்பல் அது. அதிகாரம் முழுவதையும் முணுமுணுத்து முடித்த பிறகே 'மயிரிழையில் தப்பினேன்' என்று தட்டுகிறார்.

பிறமொழிப் படங்களுக்குத் தமிழ் வரி எழுதுவது அவர் பிழைப்பு. "அவங்க பாட்டுக்குச் சொல்லிட்டுப் போயிடுறாங்க. எங்கேருந்து வந்துச்சுன்னு உள்ளே போய்ப் பார்த்தா ஒரு பொணம் கிடக்கும்" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

வேலை வீட்டிலேயே. அறையின் நான்கு சுவர்களிலும் பழைய புடவைகள் தொங்குகின்றன. அவரிடம் தொழில் பழக வந்த நான், எதிரொலியைத் தடுக்க என்றுதான் நினைத்திருந்தேன்.

கேடு நெருங்குவதை ஆங்கிலத்தில் 'சுவரில் எழுத்து' என்பார்கள். நான் வருவதற்கு முன்பு, ஒரு மதியம் அது படத்தில் வந்தது. விருந்தில் இருந்த அரசனுக்கு எதிரே, ஆளில்லாமல் ஒரு கை மட்டும் தோன்றிச் சுவரில் எழுதிய பைபிள் கதையை, சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவருக்கு அக்கா வாசித்துக் காட்டினார். அவர் பஸ் மெக்கானிக். நோய் நொடி என்று படுத்ததில்லை.

"அப்புறம் ராஜா என்ன ஆனான்?"

"அன்னிக்கு ராத்திரியே கொன்னுட்டாங்க."

கணவரின் கை தட்டிலேயே நின்றது. அக்காவின் தலைக்கு மேலே பார்த்தபடி, எழுத்துக்கூட்டும் குழந்தைபோல உதடுகளை அசைத்தார்.

"என்னங்க?"

"இதை யாரு எழுதினது?"

அக்கா திரும்பினார். புதுச் சுண்ணாம்பு. வெறும் வெள்ளை. மீண்டும் இந்தப் பக்கம் திரும்புவதற்குள் அவர் கை கழுவ எழுந்து போயிருந்தார். பட்டறைக்குக் கிளம்பியவரைப் பொழுது சாய்வதற்குள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாரடைப்பு என்றார் டாக்டர்.

"என்ன படிச்சாருன்னு கேட்காம விட்டுட்டேம்மா" என்றார் அக்கா என்னிடம்.

"கேட்டிருந்தா?"

"நானும் படிச்சிருப்பேன்."

மின்விசிறிக் காற்றில் அவருக்குப் பின்னால் தொங்கிய புடவை மெல்ல விலகியது. என் கண் அங்கே போனது. அக்கா திரும்பவில்லை. என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டென்று எட்டி, உள்ளங்கையால் என் கண்களைப் பொத்தினார்.