உப்பு இல்லாத உப்பு

விஜயகுமாரிக்குப் பொய் சொல்ல வராது. தீவின் அபர்டீன் பஜார் துணிக்கடையில் இருபது வருடமாக வேலை. சாயம் போகுமா என்று யாராவது கேட்டால், "போகும்" என்றே சொல்லிவிடுவாள். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். அப்படிப்பட்டவள்தான் மூன்று மாதமாக வீட்டில் ஒரு பொய்யைச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கணவர் நாகரத்தினத்துக்கு ரத்த அழுத்தம். சிறுநீரகமும் கொஞ்சம் பழுது. இதயத் துடிப்பைத் தணிக்கும் மாத்திரை ஒன்று கொடுத்து, உப்பை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். ஒரு வாரம் பொறுத்தவர் எட்டாம் நாள் மீன் குழம்பைத் தள்ளிவைத்தார்.

"எதிர்ல அவ்வளவு சமுந்தர் கிடக்கு, அத்தனையும் உப்புத் தண்ணி. என் தட்டுல ஒரு கல்லு உப்பு இல்ல."

'சோடியம் குறைந்தது' என்று போட்டிருந்த பாக்கெட் ஒன்றை வாங்கி வந்து பழைய உப்பு டப்பாவில் கொட்டினாள். "போனாப் போகுது, கொஞ்சம் போடுறேன். டாக்டர்கிட்ட உளறி வைக்காதீங்க." அவர் அசல் உப்பென்றே நம்பி, மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

போன வாரம் பாம்பூஃப்ளாட்டிலிருந்து வந்த படகை விட்டு சாத்தாம் துறையில் இறங்கும்போது நாகரத்தினம் கால் மடிந்து உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் நாடி முப்பத்தாறு. ரத்தத்தில் பொட்டாசியம் எகிறியிருந்தது. டாக்டர் வைஜெயந்தி முதலில் கால்சியம் ஊசியை ஏற்றிவிட்டுத்தான் பேசினார்.

"கால்சியம் இதயத்துக்குள்ள போற வழியைத்தான் இந்த மாத்திரை அடைக்குது. அதான் துடிப்பு தணியுது. பொட்டாசியம் ஏறினாலும் இதயம் மந்தமாகும். ரெண்டும் கூட்டு சேர்ந்திருக்கு. துடிப்பு குறைஞ்சா கிட்னிக்கு ரத்தம் குறையும், பொட்டாசியம் வெளியேறாம இன்னும் ஏறும். ஆனா இவ்வளவு எங்கேருந்து வந்துச்சு? இளநீர் குடிச்சீங்களா?"

"தொடறதே இல்ல."

"உப்பு?"

"சச் மே, டாக்டர். சத்தியமா ஒரு கல்லுகூட இல்ல."

"அப்போ இதயத்திலேயே கோளாறு இருக்கலாம். பேஸ்மேக்கர் தேவைப்படும். மெயின்லேண்ட் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன்."

மனைவியைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று கணவர் சொல்கிற பொய், தன் பொய்யின் மேல் ஏறி நிற்பது விஜயகுமாரிக்குப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டால் அவர் கண்ணில் அவள் நல்லவளாகவே இருக்கலாம். நெஞ்சைக் கீறப்போவது அவருக்கு.

"உப்பு போட்டேன், டாக்டர். ஆனா அது உப்பு இல்ல. சோடியம் குறைஞ்சதுன்னு கடையில விக்கிறாங்களே, அது."

வைஜெயந்தியின் பேனா நின்றது. "ஆன்ட்டி, அதுல சோடியத்துக்குப் பதிலா இருக்கறதே பொட்டாசியம்தான். கிட்னி நல்லா இருக்கறவங்களுக்குப் பரவாயில்ல. இவருக்கு ஆகாது." எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்தார். "மாத்திரையை நிறுத்திட்டு பொட்டாசியத்தை இறக்குவோம். மெயின்லேண்ட் பேச்சு அப்புறம்."

டாக்டர் நகர்ந்ததும் நாகரத்தினம் கேட்டார்: "அப்போ மூணு மாசமா நான் தின்னது?"

"அதான்."

"உனக்காகப் போய் டாக்டர்கிட்ட பொய் சொன்னேன்டி."

"சொன்னீங்க. செத்தும் போயிருப்பீங்க."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தபோது கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. இழுக்கத் தெம்பில்லையோ என்னவோ. ஒரு நிமிடம் நாடியை எண்ணினாள். நாற்பத்தொன்பது.