என் வீட்டு வாசலில் செருகிய வேப்பிலை

எழுபத்தெட்டாம் வருஷம், பங்குனி மாசம். பெரம்பலூர் அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, திருச்சியோடுதான் இருந்தது. குன்னத்திலிருந்து நாலு மைல் உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தேன். வயது முப்பத்தொன்று. வீட்டுக்காரருக்குச் சேலத்தில் வேலை, மாசத்துக்கு ஒரு தடவை வருவார். நானும் ஐந்து வயது மகளும் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச்சாரியில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு வாயும் ஜாஸ்தி, கண்டிப்பும் ஜாஸ்தி. நான் வருவது தெரிந்தால் டீக்கடையில் பீடியை அணைப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த வருஷம் மாசிக் கடைசியில் ஊருக்கு அம்மை வந்தது. சின்னம்மைதான். ஆனால் பெரியம்மைக்குப் பிள்ளைகளை வாரிக் கொடுத்த சனங்கள் அவர்கள், அம்மை என்ற சொல்லுக்கே நடுங்குவார்கள். பக்கத்து ஊரில் ஒரு கைக்குழந்தை காய்ச்சல் கூடி இறந்துபோனது. உடனே சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களை எல்லாம் மூடச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது.

மூடுவது சுலபம். திறப்பதுதான் கஷ்டம். என் கவலையெல்லாம் எட்டாம் வகுப்பில் இருந்த ஏழு பெண் பிள்ளைகளைப் பற்றி. அந்த ஊரில் பெண் பிள்ளைகள் எட்டாவது வரைக்கும் வந்ததே அதுதான் முதல் தடவை. வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டு, கெஞ்சி, நான் பிடித்து வைத்த பிள்ளைகள். முழுப் பரீட்சை எழுதித் தேறிவிட்டால் குன்னம் ஹைஸ்கூலில் சேர்த்துவிடலாம். எழுதாமல் போனால் பருத்திக் காட்டுக்குப் போகும், அடுத்த தையில் கல்யாணம் பேசிவிடுவார்கள். பரீட்சைக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

பள்ளிகளை எப்படித் திறப்பது என்று பேசப் பெரம்பலூரில் கூட்டம் போட்டார்கள். பள்ளிகளின் துணை ஆய்வாளர், எங்களுக்கு அவர் டி.ஐ. சார், வட்டாரத்துத் தலைமையாசிரியர்களை எல்லாம் வரவழைத்திருந்தார். அம்மை வந்த வீட்டுப் பிள்ளை திரும்பி வரும்போது டாக்டர் சர்ட்டிபிகேட் கொண்டுவர வேண்டும் என்றார். எல்லோரும் கசமுசா என்று பேசினார்களே தவிர எழுந்து சொல்ல ஆள் இல்லை. நான் எழுந்தேன்.

"சார், ஆத்தா வந்திருக்கான்னு சொல்ற சனங்க ஆஸ்பத்திரிப் பக்கமே போகமாட்டாங்க. சர்ட்டிபிகேட் கேட்டா பள்ளிக்கூடத்துக்கே வரமாட்டாங்க" என்றேன்.

"அப்ப என்னதாம்மா பண்ணலாம்?" என்றார்.

எனக்கு வழி இருந்தது. அம்மை கண்டதுமே எங்கள் பக்கத்தில் வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள். அந்த வீட்டுக்கு யாரும் போக மாட்டார்கள், அந்த வீட்டார் யார் வீட்டுக்கும் வர மாட்டார்கள். கொப்புளம் காய்ந்து உதிர்ந்த பிறகு, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் மூன்று தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வேப்பிலையை எடுப்பார்கள். இதைவிட நல்ல சர்ட்டிபிகேட் எந்த டாக்டர் கொடுப்பார்? வாசலில் வேப்பிலை இருக்கும் வீட்டிலிருந்து யாரும் பள்ளிக்கு வரக் கூடாது, ஆசிரியரானாலும் சரி. இவ்வளவுதான் சட்டம் என்றேன்.

டி.ஐ. சார் முதலில் சிரித்தார். பிறகு பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். "முதல்ல உங்க ஸ்கூலைத் திறங்க. திங்கக்கிழமை நானே வந்து பாக்குறேன். சரியா நடந்தா மத்த ஊருக்கும் இதே ஏற்பாடுதான்" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஏற்பாடெல்லாம் தடபுடலாகச் செய்தேன். பெரிய வகுப்புகளுக்குக் காலையில், சின்னதுகளுக்கு மத்தியானம். இடம்விட்டு உட்காரத் தரையில் கோலமாவால் கட்டம் போட்டோம். குடிக்க அவரவர் டம்ளர். வெள்ளிக்கிழமையே தண்டோரா போட்டாயிற்று.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு அம்மா தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்து வாசலுக்கு வெளியே வந்து நின்றாள். வெங்காயக் கொல்லையில் கூலிக்குப் போகிறவள், என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பெண் அந்த ஏழு பேரில் ஒருத்தி, கணக்கில் புலி. அம்மை வந்து தேறி, இரண்டு தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. மூன்றாம் தண்ணீர் செவ்வாய்க்கிழமை ஊற்றலாம் என்றிருந்தார்கள், ஆனால் செவ்வாய் ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் வியாழனுக்குத் தள்ளிவிட்டார்களாம்.

"எல்லாம் உதுந்துடுச்சு டீச்சர். பாருங்க, தழும்புதான் இருக்கு. திங்கக்கெழமயே வரட்டுமா? வராண்டாவுல ஓரமா ஒக்காந்துக்கும். பரிச்சை வருதுன்னு ராவும் பகலும் அழுவுது டீச்சர்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நல்ல வார்த்தையாக நாலு சொல்லியிருக்கலாம். "இன்னிக்கு ஒன் பொண்ணுக்கு விட்டா நாளைக்கு ஊரே வந்து நிக்கும். வேப்பிலை வாசல்ல இருக்குல்ல? அது இருக்கும்போது பிள்ளைய இழுத்துட்டு வந்து நிக்கிறியே, உனக்கே அறிவு வேணாம்?" என்றேன். கோலமாவுக் கட்டம் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா பெண்ணின் தோளைத் தொட்டுத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகளுக்கு உடம்பு சுட்டது. சாயங்காலம் சட்டையைக் கழற்றினால் வயிற்றில் மூன்று சிவப்புப் புள்ளி. பங்குனி வெயில், வேர்க்குரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் தடவை பார்த்தபோது முதுகிலும் இருந்தது. அப்போதும் வேர்க்குருதான் என்றேன். எத்தனை பிள்ளைகளுக்கு அம்மை கண்டதைப் பார்த்தவள் நான்! ஆனால் காலையில் டி.ஐ. சார் வருகிறார். நான் இல்லாவிட்டால் திறப்பு தள்ளிப்போகும், என் ஏழு பிள்ளைகள் கதி அதோகதி. இப்படி ஒரு நியாயம் பேசிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், பாராட்டு வாங்க நான் அங்கே நிற்க வேண்டும் என்ற ஆசையும்தான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? அன்றைக்கு எனக்கு இருண்டுதான் இருந்தது.

திங்கட்கிழமை காலை இட்லிக்குச் சட்னி அரைத்துக் கடுகு தாளித்தேன். மகளைக் குளிப்பாட்ட வெந்நீர் விளாவி வைத்துவிட்டு, போட்டுக்கொள்ள முழுக்கைக் கவுன் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடியில் போட்டேன். பள்ளிக்கூடத்தில் என் அறையில் பாய் போட்டுப் படுக்க வைத்துவிடலாம் என்று திட்டம்.

சொம்பைக் கையில் எடுத்தபோது பின்வாசலில் குரல் கேட்டது. சனிக்கிழமை நான் விரட்டிய அதே அம்மா. வீட்டுக்குள் வராமல் வெளியே எட்டி நின்றாள்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. பள்ளிக்கொடத்துக்கு அனுப்பல. நீங்க நடத்துற பாடத்த மட்டும் ஒரு தாள்ல எழுதிக் குடுத்தா..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். என் பின்னால் அம்மணமாக நின்றுகொண்டிருந்த மகளைப் பார்த்துவிட்டாள்.

"ஐயோ, தண்ணிய ஊத்திடாதீங்க டீச்சர்!"

உள்ளே ஓடி வந்து என் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கினாள். அப்புறம் அடுப்படிப் பக்கம் மூக்கைத் திருப்பி, "அடக் கடவுளே, தாளிச்சு வேற வச்சிருக்கீங்களே" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள். குழந்தையின் நெஞ்சிலும் கையிலும் அதற்குள் நீர் கோத்து முத்து முத்தாகக் கிளம்பியிருந்தது. கொடியில் கிடந்த முழுக்கைக் கவுனை அவள் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

அறிவு இருக்கிறதா என்று அவள் கேட்டிருக்கலாம். ஊரைக் கூட்டியிருக்கலாம். நான் அதற்குத்தான் காத்துக்கொண்டு நின்றேன். அவளோ வெளியே போனாள். சந்தடி இல்லாமல் கொல்லை மரத்தில் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்து வந்து, என் முன்வாசல் நிலையில் அவளே செருகினாள்.

"ஆத்தா வந்த வூட்ட மறைக்கக் கூடாது டீச்சர். மறைச்சா புள்ளைக்குத்தான் ஆவாது" என்றாள். அவ்வளவுதான். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதுவிட்டேன். என் மகள் பயந்துபோய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது. அவள் அதை வேப்பிலை மேல் படுக்க வைத்து விசிறிக்கொண்டே, "இன்னிக்குப் பள்ளிக்கொடத்தத் தெறக்க சின்ன சார் இருக்காருல்ல? அவரு தெறக்கட்டும்" என்றாள். புதிதாக வந்திருந்த உதவி ஆசிரியரைச் சொன்னாள். அவர் தெருவோடு வந்தபோது வாசலில் நின்றபடியே சேதி சொல்லிச் சாவியை வீசினேன்.

பிறகுதான் அவள் ஒன்று கேட்டாள். "ஏன் டீச்சர், ஒரு தடவ வந்தவங்களுக்குத் திரும்ப வராதுல்ல? எம்பொண்ண இங்க அனுப்புனா என்ன? புள்ளையையும் பாத்துக்கும், நீங்களும் நாலு கணக்கு சொல்லிக் குடுக்கலாம். அம்ம வூட்டுலேர்ந்து அம்ம வூட்டுக்கு வரதுல என்ன இருக்கு?"

நான் கூட்டத்தில் எழுந்து பெருமையாகச் சொன்ன சட்டத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை. அம்மை வந்து தேறி, மூன்றாம் தண்ணீருக்காக வீட்டில் முடங்கிக் கிடந்த பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் மட்டும் நாலு பேர். ஒரு மணி நேரத்தில் நாலும் சிலேட்டோடு என் வீட்டுக் கூடத்தில் இருந்தன. ஒருத்தி மகளுக்கு விசிற, மூன்று பேருக்குக் கணக்கு. பிறகு முறை மாற்றிக்கொள்வார்கள்.

பத்தரை மணிக்கு டி.ஐ. சார் பள்ளியைப் பார்த்துவிட்டு என் வாசலுக்கு வந்தார். வேப்பிலையைப் பார்த்துத் தெருவிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? எப்ப கண்டது?"

நேற்று என்று சொல்ல வாயெடுத்தேன். வாசலில் நின்றிருந்த அந்த அம்மா முந்திக்கொண்டாள்.

"காலையிலதாங்க சார் முத்து போட்டிருக்கு. பாத்த ஒடனே டீச்சர் வேப்பில சொருகச் சொல்லிட்டாங்க."

"அப்படித்தான் இருக்கணும்" என்றார் அவர். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது கேட்டு, என்ன என்று விசாரித்தார். கேட்டுவிட்டு, "பிரமாதமான யோசனை. தேறின பிள்ளைகளுக்கு ஊர் ஊருக்கு இப்படி ஒரு வீடு பாருங்கன்னு எல்லா ஹெட்மாஸ்டருக்கும் சொல்றேன்" என்று என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு என்னைச் செருப்பால் அடித்தது போல இருந்தது.

என் மகளுக்குப் பதினைந்து நாளில் மூன்றாம் தண்ணீர் ஊற்றினோம். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் காய வைத்த தண்ணீரை மொண்டு ஊற்றியது அந்த அம்மாதான். நான் அவளை அக்கா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன். அவள் கடைசி வரை என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டாள். ஏழு பிள்ளைகளும் பரீட்சை எழுதி, ஏழும் தேறின.

அடுத்த கூட்டத்தில் டி.ஐ. சார் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, வேப்பிலைச் சட்டத்தைத் தன் வீட்டிலேயே நடத்திக் காட்டியவர் என்று பாராட்டினார். கை தட்டினார்கள். சட்டத்தை நடத்தியது நான் இல்லை, தேறின பிள்ளைகளுக்கு வீடு பார்த்த யோசனையும் என்னுடையது இல்லை என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டாம் என்று எழுந்து நின்று சொன்ன வாய், அன்றைக்குத் திறக்கவில்லை. ஊருக்கு வந்ததும் நேரே அவளிடம் போய், "அக்கா, உன் பேரை நான் சொல்லலையே" என்று புலம்பினேன்.

வெங்காயம் ஆய்ந்துகொண்டே அவள் சிரித்தாள். "எம் பேரு எதுக்கு டீச்சர்? எம்பொண்ணு பேரு பாஸ் லிஸ்ட்டுல வந்துச்சுல்ல, போதும் போங்க."

அந்தப் பெண் பிறகு நர்ஸ் ஆகி ஓய்வும் பெற்றுவிட்டது. அக்கா போன ஐப்பசியில் இறந்துபோனாள். காலையிலதான் முத்து போட்டது என்று எனக்காக அவள் சொன்ன பொய்யை ஒருவரிடமும் உடைக்காமல் தன்னோடு கொண்டுபோய்விட்டாள். எண்பதை நெருங்கும் வயதில் இன்று நானே அதை உடைக்கிறேன், ஏனென்றால் பிறர் வாசலுக்கு நான் எழுதிய சட்டத்தை என் வாசலில் செருகியவள் அவள்தான் என்பதை அன்று கை தட்டிய யாராவது ஒருவராவது தெரிந்துகொள்ள வேண்டும்.